படகு மோட்டாருக்கு வோல்டேஜை மிகுத்துக் கொடுக்கலாமா?

தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், வள்ளங்கள் இரவின் பிற்பகுதியில் தரைக்காற்றை வாங்கிக்கொண்டு பார்களை நோக்கிச் சென்று, பிற்பகலில் கடற்காற்றோடு கரை திரும்புவது வழக்கம். 1955 முதல் 1961 வரை நடந்ததே இப்பகுதியில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு. வள்ளத்தை நடத்திய தண்டல், காற்று மிகுந்தால் பாயைச் சுருக்கவேண்டும் என்பதை நன்கறிந்தவர். பாயை முழுதும் விரித்தால் வள்ளம் விரைந்து போகும் என்பதை அவர் அறியாதவரல்லர். பாய்மரம் எவ்வளவு தாங்கும் என்பதையும் அறிந்திருந்தமையால் சுருக்கினார். இந்நாளில் சிறு படகுகளில் மின்சார மோட்டாரை மாட்டுவோருள் சிலர், அம்மோட்டார் எவ்வளவு தாங்கும் என்று விசாரியாமலே, 12 வோல்டுக்கு ஏற்பட்ட யந்திரத்துக்கு 24 வோல்ட் கொடுத்து ஓட்டிப் பார்க்கின்றனர். இவ்விஷயம் பற்றிச் சென்ற சில மாதங்களாக என்னிடம் பலர் கேட்டு வருவதால், இங்கு சற்று விரிவாக எழுதலாயிற்று.

விவசாயப் பத்திரிகையில் படகு மோட்டாருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நமது ஜில்லாவில் தாமிரபரணிக் கடைமடைப் பகுதியில் மீன் வளர்ப்புக் குளங்கள் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் இருக்கின்றனர். கிராமக் குளங்களில் மீன்பாசிக் குத்தகை எடுப்போரும் இருக்கின்றனர். தீவனம் இடவும், வலை இழுக்கவும், காவல் சுற்றவும் ஓசையில்லாத சிறு மோட்டார் மிகவும் சௌகரியமானது. மேலும், 2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை எவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் நாற்புறமும் நீரால் சூழப்பட்டது. கடலோரத்து மீனவர்களின் படகுகளே பல இடங்களில் மக்களைக் கரை சேர்த்தன. அதன் பின், கிராமத்துக்கென்று ஒரு சிறு படகும் ஒரு மோட்டாரும் வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் கிராம உத்தியோகஸ்தர்களுக்கு எழுவது இயல்பு. ஆபத்துக் காலத்தில் நம்பி ஏறும் யந்திரம் எதற்குத் தாங்கும், எதற்குத் தாங்காது என்பதை முன்னரே அறிந்திருப்பது அவசியம்.

டிரோலிங் மோட்டார் எனப்படும் இவ்வகை யந்திரம் புதியதன்று. 1934-ல் அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த பார்கோ நகரில் ஷ்மிட் என்பவர், போர்டு மாடல் ஏ மோட்டார்க் காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, வளையும் தண்டும் விசிறியும் சேர்த்துப் படகில் பொருத்தியதே இதன் தொடக்கம். ஸ்டார்ட்டர் மோட்டார் சில விநாடிகள் மட்டும் பெரும் மின்னோட்டத்தை விழுங்கி வேலை செய்வது. மணிக்கணக்கில் ஓடுவதற்கு அது ஏற்பட்டதன்று. பின்னர் வந்த மோட்டார்கள் மெதுவாய், நெடுநேரம் ஓடுமாறு அமைக்கப்பட்டன. இன்று கடையில் கிடைக்கும் 12 வோல்ட் மோட்டார்களில் பெரியவை சுமார் 25 கிலோ எடையை இழுக்கும் தள்ளுவிசை தருவன. 24 வோல்டில் ஓடுபவை ஏறக்குறைய 36 கிலோவும், 36 வோல்டில் ஓடுபவை ஏறக்குறைய 50 கிலோவும் தருகின்றன. ஆகவே பெரும் விசை வேண்டுவோருக்கு நேர்வழி இருக்கவே செய்கிறது. சங்கடமெல்லாம் 12 வோல்ட் மோட்டாரை வாங்கிவிட்டு அதனிடமிருந்தே 24 வோல்ட் மோட்டாரின் வேலையை எதிர்பார்ப்பதில்தான் உண்டாகிறது.

இரண்டு வருஷங்களுக்கு முன் கடைமடைப் பகுதியில் ஒரு பண்ணையார் தம் மீன்குளத்துக்காக 12 வோல்ட் மோட்டார் ஒன்று வாங்கினார். படகு அவர் எண்ணியபடி ஓடவில்லை. பாட்டரி படகின் முன்புறமும் மோட்டார் பின்புறமும் இருந்தன. இரண்டையும் வீட்டு வயரிங் வேலையில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியால் இணைத்திருந்தனர். வேகம் போதவில்லை என்றதும், அறிந்தவர் என்று பேர்பெற்ற ஒருவர், இன்னொரு பாட்டரியைக் கொணர்ந்து, ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு சேர்த்து 24 வோல்டாக்கிக் கொடுத்தார். படகு பாய்ந்தது. கரையில் நின்றவர்கள் கைதட்டினர் என்று பண்ணையாரே என்னிடம் சொன்னார். நாலாம் நாள் ஆகாயத்தாமரை விசிறியில் சுற்றிக்கொண்டது. ஓட்டியவர் விசையை நிறுத்தாமல் முன்னும் பின்னுமாய்த் திருப்பிப் பார்த்தார். வார்னிஷ் கருகும் நாற்றம் வந்தது, அதோடு சரி. நான் மோட்டாரைத் திறந்து பார்த்தபோது கம்யூட்டேட்டர் கறுத்து, கார்பன்களைத் தாங்கும் சுருள்வில்கள் சூட்டினால் தளர்ந்து, வைண்டிங்கின் மேற்பூச்சு பொருக்காக உதிர்ந்திருந்தது.

இதில் நடந்தது என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வாசகர்கள் பிறர் சொல்லை நம்பவேண்டிய அவசியமிராது. நிலைக்காந்தம் வைத்த நேர்மின் மோட்டார் சுழலும்போது, தானே ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்குகிறது. வேகம் மிகுந்தால் இந்த எதிர் வோல்டேஜும் அதே விகிதத்தில் மிகும். பாட்டரி வோல்டேஜில் இந்த எதிர் வோல்டேஜ் போக மிஞ்சியது மட்டுமே கம்பிச்சுருளின் தடையைக் கடந்து மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. விசிறி தண்ணீரில் சுற்றும்போது அதற்கு வேண்டிய முறுக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மிகுவது. அதாவது இரு மடங்கு வேகத்துக்கு நாலு மடங்கு முறுக்கு, எட்டு மடங்கு சக்தி. இவ்வகை மோட்டாரில் முறுக்கும் மின்னோட்டமும் ஒன்றோடொன்று ஒத்துச் செல்வன.

உதாரணமாக, 12 வோல்டில் 30 ஆம்பியர் வாங்கும் மோட்டார் ஒன்றின் உட்தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். தடையில் 4.5 வோல்ட் போகிறது. எதிர் வோல்டேஜ் 7.5. மோட்டார் வாங்கும் சக்தி 360 வாட். அதில் 135 வாட் கம்பிச்சுருளில் வெறும் வெப்பமாகிறது. இதே மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுத்தால், மேற்சொன்ன விதிகளின்படி வேகம் 1.6 மடங்குக்குச் சற்று மேல் போகும், இரு மடங்காகாது. மின்னோட்டமோ 30 ஆம்பியரிலிருந்து ஏறக்குறைய 79 ஆம்பியருக்கு ஏறும். வாங்கும் சக்தி சுமார் 1,890 வாட். அதாவது ஐந்து மடங்குக்கு மேல். கம்பிச்சுருளில் வீணாகும் வெப்பம் 135 வாட்டிலிருந்து சுமார் 930 வாட், அதாவது ஏழு மடங்கு. ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலான வேகத்தை ஏழு மடங்கு சூட்டுக்கு விலைக்கு வாங்குகிறோம். ஒரு கை அளவுள்ள உருளைக்குள் இஸ்திரிப்பெட்டி ஒன்றை வைத்து அடைத்தாற்போன்ற சூடு இது.

மோட்டார் நீருக்குள் இருப்பதால் குளிர்ந்துவிடாதோ என்று கேட்பர். ஓரளவு குளிரும், அதனாலேயே சில நாட்கள் தாங்குகிறது. ஆனால் வெப்பம் சுழலும் சுருளில் உண்டாகி, அதற்கும் வெளிக்கூட்டுக்கும் இடையிலுள்ள காற்றைக் கடந்தே நீரை அடையவேண்டும். கூட்டைத் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருக்கிறதென்று தைரியங்கொள்வது தவறு. கம்பியின் மேற்பூச்சுக்கு வகுப்புகள் உண்டு. பி வகுப்பு 130 டிகிரி செண்டிகிரேடும், எப் வகுப்பு 155 டிகிரியும் தாங்கும். அவ்வெல்லைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் பூச்சின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது மின்யந்திரத் துறையினர் கையாளும் உத்தேசக் கணக்கு.

விசிறி சிக்கிக்கொள்ளும்போது நடப்பதே எல்லாவற்றிலும் கொடியது. விசிறி நின்றால் எதிர் வோல்டேஜ் இல்லை. முழு வோல்டேஜும் தடையின்மீதே விழும். மேற்படி மோட்டாரில் 12 வோல்டுக்கு 80 ஆம்பியர் பாய்ந்து 960 வாட் வெப்பம் உண்டாகும். 24 வோல்டுக்கு 160 ஆம்பியர் பாயும். வெப்பம் 3,840 வாட்! பாட்டரியும் கம்பியும் இதில் கொஞ்சத்தைத் தடுக்கும் என்பது உண்மையே. எனினும் சில விநாடிகளில் சுருள் கருகிவிடப் போதுமானது மிஞ்சும். ஆகாயத்தாமரையும் அறுந்த வலைத்துண்டும் இல்லாத குளம் நம்மிடத்தில் எங்கே இருக்கிறது? ஆகையால் மோட்டார்க்காரர் குறித்துள்ள அளவுக்கேற்ற ப்யூஸ் அல்லது பிரேக்கரைப் பாட்டரிக்கு அருகிலேயே வைப்பது அவசியம். பண்ணையார் படகில் இரண்டுமில்லை.

வேகத்தை மாற்றும் கருவியும் கவனிக்கத்தக்கது. பழைய மாதிரிகளில் ஐந்து நிலை திருகு இருக்கும். குறைந்த வேகங்களில் மின்னோட்டம் ஒரு தடைச்சுருள் வழியாகச் செல்லும். 24 வோல்டில் அச்சுருளும் மோட்டாரைப்போலவே அவியும். புதிய மாதிரிகளில் மின்னணுக் கருவி மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிவெட்டிக் கொடுத்து வேகத்தைக் குறைக்கிறது. அதிலுள்ள உறுப்புகள் 12 வோல்ட் பாட்டரிக்குக் கொஞ்சம் மேலே தாங்குமாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை. 24 வோல்டில் மோட்டார் கெடுமுன்னரே இது கெட்டுவிடக்கூடும். இப்படிக் கெட்டவர் ஒருவிதத்தில் அதிர்ஷ்டசாலி, மோட்டாராவது பிழைக்கிறது.

அப்படியாயின் 12 வோல்டுக்கு மேல் ஒரு துளியும் கூடாதோ எனின், அவ்வாறன்று. 12 வோல்ட் என்று பெயரிருந்தாலும் முழுதும் மின்னேற்றிய ஈயப் பாட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். நான்கு செல் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி 13 வோல்டுக்குச் சற்று மேலே நின்று வேலை செய்யும். இவற்றை 12 வோல்ட் மோட்டாருக்குத் தாராளமாய் உபயோகிக்கலாம். வேறுவகை லித்தியம் செல்கள் நான்கைச் சேர்த்தால் முழு ஏற்றத்தில் 16.8 வோல்ட் வரும். நம் உதாரண மோட்டாரில் இது வேகத்தை 1.27 மடங்காக்கும், சூட்டை 2.6 மடங்காக்கும். நிபுணர் சிலர் அளவுகருவிகளோடு, சில நிமிஷங்கள் மட்டும் இவ்விதம் ஓட்டுகின்றனர். தீவனப் படகை ஆள்மாற்றி ஓட்டும் பண்ணையில் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பாட்டரியின் கணக்கு இதனினும் கண்திறப்பது. ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி கொண்ட இரு ஈயப் பாட்டரிகள் இருப்பதாகக் கொள்வோம். ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், ஒவ்வொன்றிலும் 50 மட்டுமே உபயோகத்துக்குரியது. இரண்டையும் வரிசையாகச் சேர்த்து 24 வோல்டாக்கினால் 79 ஆம்பியர் இரண்டின் வழியாகவும் பாயும். 38 நிமிஷத்தில் பாதி தீர்ந்துபோம். உண்மையில் இவ்வளவு விரைவாக இறக்கும்போது இன்னும் முன்னரே தீரும். மாறாக, நேர்முனையை நேர்முனையோடும் எதிர்முனையை எதிர்முனையோடும் பக்கவாட்டில் சேர்த்தால் வோல்டேஜ் 12 ஆகவே இருக்கும். 30 ஆம்பியரை இரண்டும் பகிர்ந்து ஆளுக்கு 15 கொடுக்கும். 3 மணி 20 நிமிஷம் ஓடலாம். 12 வோல்டில் படகு மணிக்கு 4 கிலோமீட்டர் போகுமாயின், முதல் முறையில் அது வேகமாய் ஓடியும் 4 கிலோமீட்டர் தூரத்துக்கே நிற்கும். இரண்டாம் முறையில் 13 கிலோமீட்டர் செல்லும். பாட்டரிகள் அதே இரண்டுதான். பக்கவாட்டில் சேர்க்கும் பாட்டரிகள் ஒரே வகையும் ஒரே வயதும் உடையனவாய், சேர்க்குமுன் இரண்டும் முழுதும் மின்னேற்றப்பட்டனவாய் இருக்கவேண்டும். பழையதையும் புதியதையும் கலக்கலாகாது.

இனி, அப்பண்ணையாரின் படகு முதலில் ஏன் மெதுவாய்ப் போயிற்று என்பதைப் பார்ப்போம். குற்றம் மோட்டாரிலன்று, கம்பியில். பாட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே 5 மீட்டர். போகவரக் கம்பி 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி 10 மீட்டருக்கு 0.07 ஓம் தடை உடையது. அவருடையது 40 ஆம்பியர் மோட்டார். அந்த மின்னோட்டம் அதன் வழியே முழுமையாகப் பாய்வதாயின் 2.8 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். மோட்டார் பெற்றது 12 அன்று, 9 முதல் 10 வரையே! அவர் கேட்டது மிகை வோல்டேஜ்; அவருக்குக் கிடைக்காமலிருந்தது நியாயமான வோல்டேஜ். இதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் இழப்பு அரை வோல்டுக்கும் குறைவு. பாட்டரியை மோட்டாருக்கு அருகில் வைத்திருந்தால் இன்னும் குறைவு. படகு மெதுவாய்ப் போகிறதென்று முறையிடுவோர் முதலில் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே, மோட்டாரின் முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்க்கவேண்டும். பாட்டரி முனையில் ஓர் எண்ணும் மோட்டார் முனையில் மிகவும் குறைந்த ஓர் எண்ணும் காட்டினால், அவ்வித்தியாசம் கம்பியிலும் பச்சைக்களிம்பு பிடித்த இணைப்புகளிலும் ஒளிந்திருக்கிறது. உப்புக்காற்று வீசும் நமது கரையில் இணைப்புகளை மாதம் ஒருமுறையாவது சுரண்டிச் சுத்தம் செய்து கிரீஸ் தடவவேண்டும்.

இதே தவறு வயல் மோட்டாரிலும் வேறு உருவில் நிகழ்கிறது. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வேலை தொடங்கிய நாள் முதல் நம் பகுதிக்குப் பழக்கமான மாறுமின் மோட்டாரின் வேகம், வோல்டேஜைவிட மின்சாரத்தின் துடிப்பெண்ணைப் பொறுத்தது. துடிப்பு நொடிக்கு 50 ஆக இருக்கும்வரை வோல்டேஜை ஏற்றினாலும் கிணற்று நீர் குறிப்பிடத்தக்கவாறு மிகாது; இரும்புச்சட்டத்தில் காந்தம் நிறைந்து வீண் மின்னோட்டமும் சூடுமே மிகும். ஆனால் சோலார் பம்பின் கருவியில் துடிப்பெண்ணையே உயர்த்த இயலும். வேகத்தை நூற்றுக்குப் பத்து உயர்த்தினால் நீர் நூற்றுக்குப் பத்து மிகும். வேண்டிய சக்தியோ நூற்றுக்கு 33 மிகும். படகு விசிறிக்குச் சொன்ன அதே கணக்குத்தான். சோலார்த் தகடுகளை வரிசையில் இன்னொன்று சேர்ப்போரும், கருவியில் எழுதியுள்ள உச்ச வோல்டேஜை வாசித்துப் பார்த்தே சேர்க்கவேண்டும். தகடுகளின் வோல்டேஜ் உச்சிவெயிலைவிடக் குளிர்ந்த காலைப்பொழுதில் மிகுந்திருக்கும் என்பதைப் பலர் அறியார்.

பெரிய படகுகளை மின்சாரத்தால் ஓட்ட இயலாதோ என்றால், நன்றாக இயலும். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் விடப்பட்ட ஆதித்யா என்னும் சோலார்ப் படகு 75 பேரை ஏற்றும் அளவினது. அதில் மோட்டார், பாட்டரி, கம்பி, கருவி யாவும் ஒரே வோல்டேஜுக்கென்று ஒன்றுக்கொன்று ஒத்து அமைந்தவை. 24 வோல்ட் மோட்டாரும் அவ்வாறே. அதன் சுருளில் மெல்லிய கம்பி அதிகச் சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருப்பதால், அதே வேலையைப் பாதி மின்னோட்டத்தில் செய்கிறது. இரண்டு பாட்டரி வைத்திருப்பவர் விசையும் வேண்டுவாராயின் அதையே வாங்கட்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய 12 வோல்ட் மோட்டாரும் 50 ஆம்பியரில் 600 வாட் அளவே வாங்குகிறது. இது ஒரு குதிரைச் சக்திக்கும் குறைவு. தேங்கிய நீரில் தெருவுக்குத் தெரு உணவு கொண்டுபோக இது உதவும். கரை உடைந்து பாயும் நீரோட்டத்தை எதிர்த்து ஆட்களை ஏற்றிச் செல்ல இது உதவாது. 24 வோல்ட் கொடுத்தாலும் உதவாது. நடுவில் கருகிப்போகவே உதவும். அவ்விடத்துக்கு மீனவர்களின் எண்ணெய் மோட்டார்ப் படகே வேண்டும். அதுபோலவே ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசும்போது சிறு மின்மோட்டாரை நம்பிக் கடலுக்குள் போகலாகாது. மோட்டார் நின்றால் காற்று படகைக் கரையினின்று அகற்றிக்கொண்டு போகும். எந்நேரமும் துடுப்பு இரண்டு படகில் இருக்கட்டும்.

உப்பு நீரில் ஓடிய மோட்டாரை நல்ல நீரில் கழுவவேண்டும். விசிறிக்கருகில் துத்தநாகத் துண்டு இருந்தால் அதற்கு வர்ணம் பூசலாகாது. அது தான் அரிபட்டு மற்ற உலோகத்தைக் காப்பது. விசிறியைக் கழற்றி, தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் அறுத்தெடுக்கவேண்டும். அந்நரம்பு ரப்பர் வளையத்தை வெட்டினால் உள்ளே நீர் புகும். பாசி சிக்கிய மறுகணமே விசையை நிறுத்தி, கம்பியைக் கழற்றிவிட்டு, அதன் பின்னரே விசிறியில் கை வைக்கவேண்டும்.

அப்பண்ணையார் பின்னர் அதே வகை 12 வோல்ட் மோட்டாரையே மறுபடி வாங்கினார். பாட்டரி இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்து, படகின் பின்புறம் மோட்டாருக்கு அருகில் பலகையடித்து வைத்தார். எடை பின்னால் சாயாதபடி தீவன மூட்டைகளை முன்னால் அடுக்கினார். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியும், பாட்டரியை ஒட்டி ஒரு பிரேக்கரும் போட்டாயிற்று. சென்ற மாதம் நான் போனபோது மோட்டார் முழு வேகத்தில் ஓடுகையில் அதன் முனையில் வோல்ட்மீட்டர் 12.1 காட்டியது. கைதட்டும்படியான வேகமில்லை என்று அவருக்குச் சிறு குறைதான். ஆனால் காலைத் தீவனமும் மாலைத் தீவனமும் ஒரே மின்னேற்றத்தில் முடிந்துவிடுகின்றன. ஒருமுறை பாசி சிக்கியபோது பிரேக்கர் தானே விழுந்தது. விசிறியைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டிக்கொண்டு கரை வந்தனர்.